கழற்றுவதற்கு முன் குனிந்து பாருங்கள்

வாகனங்களில் மேலதிகமாகப் பொருத்தப்பட்ட யாவற்றையும் கழற்றி, தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த நிலைக்கே அவற்றைக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் நம் நாட்டில் அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் பெயரால் பொலிஸார் பஸ் வண்டிகளையும் முச்சக்கர வண்டிகளையும் மறித்து, கண்ணைப் பறிக்கும் விளக்குகளையும் காதைப் பிளக்கும் ஹோர்ன்களையும் கழற்றத் தொடங்கியபோது அக்குரல் உச்சத்தை எட்டியது. அந்த விளக்குகளும் ஹோர்ன்களும் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இரவு பஸ்களின் முன்விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி வீதியோரம் ஒதுங்கி நின்றவர்களில் நானும் ஒருவன். அதே மூச்சில் இன்னொரு கோரிக்கையும் முன்வைக்கப்பட்டதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். மலைப்பாதைக்கும் சேற்றுப்பாதைக்கும் ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்ட ஜீப் வண்டிகளையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டுமாம். அவை பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களாம். அவற்றை ஒன்றில் பழைய நிலைக்கு மாற்ற வேண்டும், அல்லது இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டுமாம்.

இவ்வாறு எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு ஜீப்பின் அடியில் முதுகு மண்ணில் பட ஒரு தடவையேனும் படுத்துப் பார்த்திருக்கிறார்கள்?

நான் கலைப்பீடத்தில் படித்தவன். எஞ்சின் பற்றி நான் அறிந்த எதுவும் பல்கலைக்கழகத்தில் கற்றதல்ல. செய்தியாளனாக மலையகத்தில் அலைந்த காலத்தில் வாங்கிய மிற்சுபிஷி ஜீப் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. நம் நாட்டில் 'போர் டி ஆர் பைவ்' என்று எஞ்சினின் பெயராலேயே அறியப்படும், 2,659 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின் கொண்ட வண்டி அது. அது இன்னும் ஓடுகிறதென்றால், அதற்குக் காரணம் போயா தினங்களிலும் ஞாயிறுகளிலும் ஒன்றுகூடும் ஏழெட்டுப் பேர். நீர்ப்பாசனத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், தோட்டமொன்றின் வெளிக்கள உத்தியோகத்தர், ஒரு லொறிச் சாரதி, கணித ஆசிரியர் ஒருவர், நாங்கள் 'பாஸ்' என்று அழைக்கும் வயதான மெக்கானிக், அவருடைய மருமகன் ஆகியோரும் இன்னும் ஓரிருவரும் அதில் அடங்குவர். எங்களில் பணக்காரர் எவருமில்லை. பணக்காரராக இருந்திருந்தால் ஞாயிறு பகல் முழுவதும் கிறீஸ் படிந்த கையோடு நின்றிருக்கமாட்டோம்.

முதலில் இந்தத் 'தொழிற்சாலை நிலை' என்பதை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு இது பெரிய ஒழுங்குபோலத் தோன்றும். 50 வயதைத் தாண்டிய வண்டி ஒன்றின் முன்னால் நின்று இச்சொல்லை உச்சரித்துப் பாருங்கள், அதன் வெறுமை விளங்கும்.

இவ்வகை வாகனங்கள் பிறந்ததே மாற்றியமைக்கப்படுவதற்காகத்தான். இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. காயப்பட்டோரைச் சுமக்கவும் பீரங்கி இழுக்கவும் கம்பி போடவும் என்று களத்திலேயே அவற்றைச் சிப்பாய்கள் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஜீப்பைப் பார்த்து உருவானதுதான் லான்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது அறிமுகமானபோது பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு நிலவியது, ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். விவசாயிக்கான வண்டி என்று சொல்லியே அதனை விற்றார்கள். எஞ்சினின் வலுவை வெளியே எடுத்து மரம் அரியவும் சூடடிக்கவும் நீர் இறைக்கவும் வழி வைத்திருந்தார்கள். வாங்கியவர் தன் தேவைக்கேற்ப மிகுதியைப் பூர்த்திசெய்வார் என்பது செய்தவனுக்கே தெரிந்திருந்தது. நமது தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த லான்ட் ரோவர்களும் இவ்வாறு பூர்த்தி செய்யப்பட்டவையே. கொழுந்து ஏற்றப் பின்பெட்டியை நீட்டினார்கள், மழைக்குக் கூரை அடித்தார்கள், நோயாளியைக் கிடத்தப் பலகை பொருத்தினார்கள்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. ஆரம்பகால லான்ட் ரோவர்களில் பிறேக் எண்ணெய் ஒரே சுற்றில் ஓடும். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளிலும் பிறேக் ஒருசேரப் போய்விடும். இதனை அறிந்தவர்கள் பின்வந்த வண்டிகளின் இரட்டைச் சுற்று அமைப்பைக் கொண்டுவந்து பழைய வண்டியில் பொருத்துகிறார்கள். ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கம் பிடிக்கும். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வைப்பவர்களும் உண்டு. பல பழைய ஜீப்புகள் ஆசனப்பட்டி இல்லாமலே செய்யப்பட்டவை. முன்னாசனத்தில் பட்டி அணிய வேண்டும் என்பது இன்று சட்டம். ஆகவே சட்டத்தை மதிப்பவர் சட்டகத்தில் துளையிட்டு, உரிய தடிப்புள்ள தகடு வைத்து, பட்டியைப் பூட்டுகிறார். 'தொழிற்சாலை நிலை'க்காரர்களின் வாதப்படி இவர்கள் எல்லோரும் குற்றவாளிகள். ஒற்றைச் சுற்றுப் பிறேக்கோடு, பட்டியில்லாமல், றம்பொடை வளைவுகளில் இறங்குகிறவர் உத்தமர்.

உதிரிப்பாகத்துக்கும் இதே கதிதான். மிற்சுபிஷி நிறுவனம் 1953இல் உரிமம் பெற்றுத் தொடங்கிய ஜீப் உற்பத்தியை 1998இல் நிறுத்திவிட்டது. அசல் உதிரிப்பாகத்திற்கு நாம் எங்கே போவது? பஞ்சிகாவத்தைக்குப் போகிறோம். அங்கே ஒரு கடையில் இல்லாதது அடுத்த கடையில் இருக்கும், அங்கும் இல்லாவிட்டால் இன்னொரு வாகனத்தின் பாகம் அரை மில்லிமீற்றர் கடைந்தால் பொருந்தும் என்று கடைக்காரரே சொல்வார். எந்த வாகனத்தின் எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்ற அறிவு எந்த நிறுவனத்தின் கைந்நூலிலும் இல்லை. பாஸ்மாரின் தலைகளில் இருக்கிறது. வாய்வழியாக, கைவழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கிறது.

இனி, மாற்றம் என்றாலே நன்மை என்று நான் சொல்ல வருவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. மாற்றங்களில் கொலைகாரத்தனமானவை உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க இந்தக் கழற்றும் இயக்கத்தால் முடியாது என்பதே என் குற்றச்சாட்டு. ஏனெனில் அது வெளியில் தெரிவதை மட்டுமே பார்க்கிறது.

ஒரு சம்பவம். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் தமது ஜீப்பை எங்கள் பாஸின் கராஜுக்குக் கொண்டுவந்தார். பட்டணத்துக் கடையொன்றில் நான்கு அங்குலம் உயர்த்தப்பட்ட வண்டி. அவருடைய முறைப்பாடு வேறு. வழியில் மறித்துக் கூரைமேல் இருந்த நான்கு விளக்குகளையும் கழற்றச் சொல்லிவிட்டார்களாம், இனி அதே இடத்தில் வேறு என்ன பொருத்தலாம் என்று கேட்டுவந்தார். பொறியியலாளர் விளக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை. ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "தம்பி, இதை யார் உயர்த்தியது?" என்று கேட்டார். கடையின் பெயரை இளைஞர் சொன்னார். "இதை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கோ" என்றார் பொறியியலாளர்.

அவர் கண்டது இதுதான். ஸ்பிரிங் தகடுகளைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷக்கிள்களை நீளமானவையாக மாற்றி வண்டியை உயர்த்தியிருந்தார்கள். ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய உயரம் கிடைக்கும் வழி இது. ஆனால் அவ்வாறு செய்யும்போது முன் அச்சு சற்றே சுழன்றுவிடுகிறது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணம் அதனால் குறைகிறது, வேகத்தில் வண்டி வீதியில் அலைகிறது. உயர்த்தியவர்கள் பிறேக்கின் ரப்பர் குழாயை மாற்றவில்லை. நின்ற நிலையில் அது சரியாகத்தான் இருந்தது. ஜாக்கி வைத்துச் சட்டகத்தைத் தூக்கி, சில்லைத் தொங்கவிட்டபோது குழாய் வீணைக் கம்பிபோல் இறுகி நின்றது. பள்ளத்தில் ஒரு சில்லு ஆழமாக இறங்கினால் அக்குழாய் அறுந்துவிடும், அதற்கடுத்த வளைவில் காலுக்குக் கீழே ஒன்றும் இராது. புரொப் ஷாப்டின் மூட்டுகள் தாங்கக்கூடிய கோணத்தின் எல்லையில் சுழன்றுகொண்டிருந்தன. பெரிய ரயர் போட்டிருந்ததால் வேகமானியும் பொய் சொன்னது. ரயரின் விட்டம் பத்து வீதம் கூடினால், மானி 60 காட்டும்போது வண்டி 66இல் ஓடும். பெரிய சில்லை நிறுத்தப் பிறேக்குக்குக் கூடுதல் வலு வேண்டும், ஈர்ப்பு மையமும் மேலே ஏறியிருக்கிறது என்பவற்றையெல்லாம் அவ்விளைஞருக்கு எவரும் சொல்லவில்லை.

விளக்குகளைக் கழற்றிய உத்தியோகத்தர் தம் கடமையைச் செய்துவிட்டதாக எண்ணி அந்த வண்டியை மலைப்பாதையில் போகவிட்டிருந்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. வீதியோரத்தில் நிற்கும் மனிதரிடம் ஜாக்கியும் இல்லை, நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைக் கழற்றுமாறு அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் கழற்றினார்.

அந்த வண்டி மூன்று வாரங்கள் பாஸின் கராஜில் நின்றது. ஷக்கிள்கள் பழைய அளவுக்கு வந்தன. உயரம் நான்கு அங்குலத்தில் இருந்து ஒன்றரைக்கு இறங்கியது, அதுவும் தகடுகளை முறையாக மாற்றிய பின்னர். நீளமான பிறேக் குழாய் போடப்பட்டது. லொறிச் சாரதி தம்மிடமிருந்த பழைய தகடுகளைக் கொடுத்தார், கணித ஆசிரியர் கோணங்களை அளந்தார், பாஸ் கூலி எடுத்தார் (எடுக்கத்தான் வேண்டும், அது அவருடைய சோறு), மற்றவர்கள் எடுக்கவில்லை. அவ்விளைஞர் இன்று இன்னொருவருடைய வண்டிக்குக் கீழே ரோர்ச் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். இதற்குப் பெயர் விளையாட்டு என்றால், நாட்டில் எந்த அலுவலகத்தில் இதைவிடப் பொறுப்பான பரிசோதனை நடைபெறுகிறது என்று எனக்குக் காட்டுங்கள்.

தெரியாமல் செய்யும் மாற்றங்களுக்கு மேலும் இரண்டு உதாரணங்கள் தருகிறேன், இவற்றை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. முன்கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஏறும் காற்றுக் குழலைப் பலர் விரும்பிப் பொருத்துகிறார்கள். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்க அது உதவும். உறிஞ்சினால் தண்ணீரை அமுக்க இயலாத பிஸ்டனின் தண்டு வளைந்து எஞ்சின் அந்த இடத்திலேயே செத்துவிடும். நல்லது. ஆனால் அச்சின் நடுவே உள்ள டிபரன்ஷியலுக்கும் ஒரு சிறிய மூச்சுத்துளை உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவும் ஸீல்கள் வழியாகவும் நீரை உள்ளே இழுக்கும். சில நாட்களில் எண்ணெய் பால்கலந்த கோப்பி நிறமாகிவிடும், பற்சக்கரங்கள் அரிக்கப்படும். சில நூறு ரூபாய்க் குழாயை அந்தத் துளையிலிருந்து மேலே கொண்டுபோனால் போதும். பல்லாயிரம் ரூபாய்க்குக் குழல் பொருத்தியவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்று போகிற வழியில் குனிந்து பாருங்கள்.

மற்றது இழுவை. சேற்றில் புதைந்த வண்டியை மீள்தன்மையுள்ள பட்டியால் இழுக்கும்போது, டிரெயிலர் கொளுவும் உருண்டையில் அதனைக் கட்டுவோர் இருக்கிறார்கள். அவ்வுருண்டை நிதானமாக இழுப்பதற்காகச் செய்யப்பட்டது, வெடுக்கென்று இழுக்கும் விசைக்காக அல்ல. அது உடைந்து பறந்தால் பீரங்கிக் குண்டுதான். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு மரணங்களே நேர்ந்துள்ளன. சட்டகத்தில் முறையாகப் பூட்டப்பட்ட இழுவைக் கொக்கி வேண்டும் என்பது எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் எவருக்கும் சொல்லப்படும் முதல் பாடம். கழற்றச் சொல்பவர்களின் கண்ணில் முதலில் படுவதும் அந்தக் கொக்கிதான்.

யாழ்ப்பாணத்தில் 1990களைக் கழித்த வாசகர்களுக்கு இதில் எதையும் நான் விளக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை குடாநாட்டை இறுக்கியபோது பெற்றோல் துளியாகக் கிடைத்தது. ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவது, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, புகையைப் பொறுத்துக்கொள்வது. இதற்கான சின்னஞ்சிறு தாங்கியையும் திருகியையும் ஆளுக்கொரு விதமாகப் பொருத்தினார்கள். ஒரு கராஜில் பலித்த வித்தை மறுநாள் அடுத்த ஊரில் இருந்தது. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டது இதே கைகள்தான். நோயாளிகளும் பிரேதங்களும் மணமக்களும் அந்த வண்டிகளில்தான் போனார்கள். இன்றைய வரைவிலக்கணத்தைக் கொண்டு அளந்தால் அவை அத்தனையும் சட்டவிரோத மாற்றங்கள். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு அந்த மெக்கானிக் அண்ணைமாரை மெச்சி எழுதும் நம்மவர்கள், அதே வித்தையைக் கம்பளையில் ஒருவர் செய்தால் 'தகரடப்பா மோகம்' என்று சிரிப்பது எனக்கு விளங்குவதில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதே வழக்கு ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மலைமாவட்டங்களில் சாதாரண வாகனங்கள் போக முடியாத இடங்களுக்கு உயர்த்தப்பட்ட ஜீப்புகளோடு ஆர்வலர்கள் போனார்கள். மக்களை ஏற்றி இறக்கினார்கள், மருந்து கொண்டுபோனார்கள். அதற்கு முன்னர் அதே வண்டிகளுக்காகத் தண்டப்பணம் கட்டியவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஐந்து மாதம் கழிந்து, 2019 ஜனவரியில், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடொன்றில், உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்துப்படி அத்தீர்ப்பில் பிழை காண நான் சட்டத்தரணி அல்லன். அந்த எழுத்தை அப்படியே இங்கும் கொண்டுவர வேண்டும் என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

ஏனென்றால் நமக்கும் அந்த வெள்ளம் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலையகத்தின் வீதிகள் மண்சரிவில் துண்டு துண்டாயின, பாலங்கள் போயின. எங்கள் குழுவின் மூன்று ஜீப்புகள் அரிசியும் பால்மாவும் ஏற்றிக்கொண்டு புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயங்களுக்குப் போய்வந்தன. வீரச்செயலாக இதை நான் எழுதவில்லை, நாடெங்கும் எத்தனையோ பேர் எங்களைவிட அதிகம் செய்தார்கள். சொல்ல வந்தது அந்தப் பயணம் எதனால் சாத்தியமாயிற்று என்பது. சரிந்த மண்மேல் ஏறுவதற்கு முன் ரயர்களின் காற்றை 18 இறாத்தலுக்கு இறக்கினோம். ரயர் பரந்து மண்ணைப் பிடித்தது. வழியில் ஒரு வண்டியின் அரைத்தண்டு முறிந்தது. பாஸின் மருமகன் மழையில் நின்று முக்கால் மணித்தியாலத்தில் வேறொன்றை மாற்றினார், ஏனெனில் அவருடைய பெட்டியில் ஒன்று இருந்தது, அதை இருட்டில் மாற்றவும் அவருக்குத் தெரிந்திருந்தது. முன்பம்பரில் இருந்த வின்ச் இரண்டு இடங்களில் எங்களைத் தூக்கிவிட்டது. அந்த பம்பர் 'மேலதிகமாகப் பொருத்தப்பட்டது'தான்.

புதிய வாகனம் வாங்கினால் இத்தொல்லை ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் இந்த நாட்டை ஓட்டியது பழுதுபார்க்கும் கைகள்தான். புதிய வண்டிகளின் கணினியோ நிறுவனத்தின் கருவி இல்லாமல் வாயே திறக்காது. பழைய டிபென்டர் 2016 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோனது. அதன் பெயரில் இன்று வருவது சௌகரியமான வண்டிதான், மறுக்கவில்லை. மீமுரைப் பாதையில் அது நின்றுவிட்டால் ஸ்பெனரோடு எவரும் உதவ இயலாது.

எங்கள் பக்கத்துக் குற்றங்களையும் மூடிமறைக்க முடியாது. 2022 ஒக்ரோபரில் யால தேசிய பூங்காவுக்குள் ஒரு கூட்டம் வாகனங்களை வெறித்தனமாக ஓட்டி, விலங்குகளை வெருட்டி, நாட்டையே கொதிக்கச் செய்தது. அதற்குப் பிறகு உயரமான வண்டி எதைக் கண்டாலும் மக்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. ஓடையின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களும், நக்கிள்ஸ் சரிவுகளில் புதிய தடம் போடுபவர்களும், மழைக்காலத்தில் தோட்டப் பாதையை உழுதுவிட்டுப் போய்விடுபவர்களும் உண்டு. மறுநாள் அந்தப் பாதையில் தலையில் கொழுந்துச் சுமையோடு நடப்பவள் யார் என்று அவர்கள் நினைப்பதில்லை. ஆனால் யாலவில் நடந்ததற்கு வண்டியின் உயரம் காரணமா? தொழிற்சாலை நிலையில் இருந்த வண்டியாலும் அதே அட்டூழியத்தைச் செய்ய முடியும். காட்டுக்குள் செய்த குற்றத்திற்குக் காட்டுச் சட்டம் இருக்கிறது. அதைப் பெரிய இடத்துப் பிள்ளைகள்மீதும் பிரயோகிக்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாத இடத்தில், பாஸ் பொருத்திய பம்பரைக் கழற்றுவது சுலபமான வேலையாகிவிடுகிறது.

ஆர்வலர்களிடம் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. அறிவைப் பகிர்வதாகப் பெருமை பேசுகிறோம். அந்தப் பகிர்வு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கிறது. தோட்டத்து லொறியையும் டிராக்டரையும் ஓட்டும் தமிழ்ச் சாரதிக்கு, வன்னியில் லான்ட்மாஸ்டரை நம்பிப் பிழைக்கும் கமக்காரனுக்கு, பிறேக் குழாயை எப்படிச் சோதிப்பது என்று தமிழில் எழுதிய ஒரு தாளையேனும் நாம் கொடுத்திருக்கிறோமா? பாஸ் எழுபதைக் கடந்துவிட்டார். அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிதான் அவருடைய மருமகனின் கையில் ஏறியிருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் இலகு வாகனங்களின் மாற்றங்களுக்கென்று தேசிய நடைமுறைக் கோவை ஒன்று இருக்கிறது. வண்டியைச் சிறிதளவு உயர்த்தினால் எவரிடமும் போக வேண்டியதில்லை. அந்த எல்லை மாநிலத்துக்கு மாநிலம் 50 மில்லிமீற்றர், 75 மில்லிமீற்றர் என்று வேறுபடும். அதைத் தாண்டினால் அங்கீகாரம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் பரிசோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். இன்னும் உயர்த்தினால், திடீரென வழி மாறும்போது வண்டி கவிழாமல் நிற்கிறதா என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கே எவரும் வீதியோரத்தில் திருகாணி கழற்றுவதில்லை என்று நான் சொல்லவில்லை, சான்றிதழ் இருந்தால் கழற்றுவதில்லை.

நம்மிடம் இதற்கு அடித்தளம் இல்லையா? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் வழங்கும் பழக்கம் இருக்கிறது. 2008 முதல் வாகனங்கள் வருடாந்தம் புகைப் பரிசோதனைக்குப் போய், அதன் பின்னரே வருமான அனுமதிப்பத்திரம் பெறுகின்றன. புகையை அளக்க ஒரு வலையமைப்பை நாடு முழுவதும் உருவாக்க முடிந்த நமக்கு, மாற்றியமைக்கப்பட்ட வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்க்க மாவட்டத்திற்கு ஒரு நிலையமும் இரண்டு பொறியியலாளர்களும் தேட முடியாதா? எஞ்சின் மாறினால் பதிவுச் சான்றிதழில் அதன் இலக்கத்தை மாற்றுகிறோம். அதேபோல் உயரத்தையும் ரயரின் அளவையும் பிறேக் அமைப்பையும் பதிந்து கையொப்பமிட்டால், வீதியில் நிற்கும் உத்தியோகத்தர் அளவு நாடாவை எடுத்து ஒப்பிட்டால் போதும்.

இலஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவார்கள் என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். வாங்குவார்கள். இன்றும் கொடுக்கிறார்கள், வீதியோரத்தில், சான்றிதழ் எதுவும் இல்லாமலே. கையொப்பமிட்ட பொறியியலாளரின் பெயராவது தாளில் இருந்தால், பிறேக் அறுந்து ஒருவர் செத்தபிறகு கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கும்.

எங்கள் குழுவில் பொறியியலாளரும் கணித ஆசிரியரும் சேர்ந்து ஒரு பரிசோதனைத் தாளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். சில்லைத் தொங்கவிட்டு பிறேக் குழாயைப் பார்ப்பதில் தொடங்கி, அச்சின் கோணம், மூச்சுக் குழாய், இழுவைக் கொக்கியின் திருகாணி, விளக்குக் கம்பிகளுக்கு உரிய பியூஸ் இருக்கிறதா என்பது வரை அதில் அடங்கும். அதனைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னுடையது. மெல்பேர்ணிலோ சிட்னியிலோ வாகனப் பொறியியலில் பணிபுரியும் வாசகர்கள் அங்கு பயன்படும் பரிசோதனைப் படிவங்களின் ஒழுங்கை எழுதி அனுப்பினால் பெரும் உதவியாக இருக்கும். ஷக்கிளுக்கும் புரொப் ஷாப்டுக்கும் உங்கள் ஊர்க் கராஜ்களில் வழங்கிய சொற்கள் நினைவில் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள். அகராதிச் சொல் எனக்கு வேண்டாம், சாரதிக்கு விளங்கும் சொல் வேண்டும்.